க்விஸ் இரவும் ராஃபிளும் நடத்தி ட்வின்னிங் சங்கம் சேர்க்கும் பணம் யாருக்கு?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊருக்குக் குடிவந்து, பக்கத்து வீட்டம்மா அழைத்தார் என்று அந்த ஊரின் ட்வின்னிங் சங்கத்தில், அதாவது ஊரை வெளிநாட்டு ஊர் ஒன்றோடு சகோதர ஊராக இணைத்து நட்பு வளர்க்கும் சங்கத்தில், சேர்ந்தீர்கள். இப்போது நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் பொறுப்பை உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள். க்விஸ், ராஃபிள் என்ற பரிசுச் சீட்டுக் குலுக்கல், சீஸும் ஒயினும் என்று வருடம் முழுக்கப் பணம் திரட்டுகிறார்கள், பிறகு அவர்களே பஸ் பிடித்து பிரான்ஸுக்குப் போய் வருகிறார்கள், இதற்கு எப்படி தர்ம அமைப்பு என்று பெயர், இதையெல்லாம் நடத்த உரிமம் வேண்டாமா, போதாக்குறைக்கு 60 பேருக்கு இந்தியச் சாப்பாடு சமைக்கச் சொல்கிறார்களே, ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் உங்களை உண்மையில் உறுத்துவது உரிமமோ சமையலோ இல்லை, "இந்தப் பணம் யாருக்கு?" என்பதுதான் என்று நினைக்கிறேன். அது நியாயமான உறுத்தல். தெற்கு இங்கிலாந்தில், பிரான்ஸின் நார்மண்டிப் பகுதி ஊர் ஒன்றோடு இணைந்திருக்கும் ஒரு சங்கத்தில் பதினோரு வருடம் குழுவில் இருக்கிறேன், அதில் ஆறு வருடம் பொருளாளர். நான் வழக்கறிஞர் இல்லை. விதிகளில் கையாண்டு பழகியதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், மற்றதை மற்றது என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை, ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுகளால் நொறுங்கிய ஊர் கோவன்ட்ரி. அந்த ஊர்ப் பெண்கள் 830 பேர் ஒரு மேசைவிரிப்பில் தங்கள் பெயர்களை எம்பிராய்டரி செய்து, ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டு, அப்போது பெரும் சண்டையில் சிதைந்திருந்த சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். 1944இல் இரண்டு ஊர்களும் முறைப்படி இணைந்தன. அதாவது, கையெழுத்தும் மேயர் சங்கிலியும் வருவதற்கு முன்பே ஊசியும் நூலும் ஆறு பென்ஸும் வந்துவிட்டன. பணம் திரட்டுவது ட்வின்னிங்கில் பிற்பாடு ஒட்டிக்கொண்ட வழக்கம் இல்லை, ஆரம்பமே அதுதான். ரெடிங் நகர மேயராக இருந்த ஃபீபி கஸ்டன் 1947இல் ஜெர்மன் நகரமான டுசல்டார்ஃபோடு தொடர்பைத் தொடங்கியபோதும், அங்கிருந்த குழந்தைகளை அழைத்து ரெடிங் வீடுகளில் தங்கவைத்ததுதான் முதல் காரியங்களில் ஒன்று. போர் முடிந்து இரண்டே வருடம், நேற்றுவரை எதிரியாக இருந்த நாட்டுக் குழந்தைகள், ரேஷன் காலத்துச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். 1959இல் கோவன்ட்ரி இன்னொரு ஜெர்மன் நகரமான டிரெஸ்டனோடும் இணைந்தது. 1963இல் பிரான்ஸும் ஜெர்மனியும் எலிசே என்ற நட்பு ஒப்பந்தம் போட்ட பிறகு அந்த இரண்டு நாடுகளுக்கு நடுவே இப்படிப்பட்ட இணைப்புகள் மளமளவென்று பெருகின, 1973இல் பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததும் இங்கேயும் ஊர் ஊராக இணைப்பு ஊரின் பெயர்ப் பலகை ஏறியது. நம் பக்கத்திலும் ஒன்று உண்டு: 2016இல் லண்டனின் கிங்ஸ்டன் யாழ்ப்பாணத்தோடு இணைந்தது.

சரி, தர்ம அமைப்பு விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டிய தர்ம அமைப்பு, சேரிட்டி கமிஷன் என்ற கண்காணிப்பு அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பதிவு தேவையில்லை, ஆனாலும் அது தர்ம அமைப்பாகவே இருக்கலாம். சிஐஓ என்ற, தர்ம அமைப்புகளுக்கென்றே உள்ள சட்ட வடிவில் தொடங்கினால் மட்டும் வருமானம் எவ்வளவானாலும் பதிவு கட்டாயம். ஸ்காட்லாந்தில் வேறு கதை, அங்கே வருமான வரம்பே கிடையாது, தன்னைத் தர்ம அமைப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் பதிவு இருந்தே தீர வேண்டும். ட்வின்னிங் சங்கம் ஒன்று தர்ம அமைப்பாக ஏற்கப்படுவது "நாங்கள் பிரெஞ்சுக்காரர்களோடு நட்பாக இருக்கிறோம்" என்பதற்காக இல்லை. ஊர் மக்களுக்கு இன்னொரு நாட்டின் மொழி, பண்பாடு, வாழ்க்கை பற்றிய அறிவை வளர்ப்பது போன்ற பொதுநோக்கம் அதன் விதிப்புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும், அந்தப் பயன் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும். உறுப்பினர்களும் பயன் அடையலாம், ஆனால் அது அந்த நோக்கத்தின் கூடவே வரும் சிறு பயனாக இருக்கலாமே தவிர, அதுவே நோக்கமாக ஆகிவிடக் கூடாது. இவ்வளவும் உறுதி. உங்கள் சங்கம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை விதிப்புத்தகத்தையும் கடைசி மூன்று வருடக் கணக்கையும் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். குழுவில் இருப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு, கேட்பதில் மரியாதைக் குறைவும் இல்லை.

கணக்கைப் பார்க்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு "அவர்கள் பிரான்ஸ் போகிறார்கள்" என்பது மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் ஒரு வருடம் நாம் போவோம், அடுத்த வருடம் அவர்கள் வருவார்கள். அவர்கள் வரும் வருடத்தில்தான் செலவு. நாற்பது பேர் வந்தால் வீடுகளில் தங்குவார்கள், காலைச் சாப்பாடு அந்தந்த வீட்டுச் செலவு, ஆனால் வெள்ளிக்கிழமை வரவேற்பு, சனிக்கிழமை பஸ் வைத்து எங்காவது கூட்டிப்போவது, அன்று இரவு ஹாலில் விருந்து எல்லாம் சங்கத்தின் தலையில். திரட்டும் பணத்தில் பெரும்பங்கு அதற்குப் போகிறது என்றால் எனக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. ராஃபிள் பணத்தை எடுத்து, போகும் உறுப்பினர்களின் பஸ் கட்டணத்தைக் குறைப்பதுதான் எனக்குச் சங்கடம். நான் பொருளாளர் ஆனபோது எங்கள் சங்கத்தில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. யாரும் திருடவில்லை, யாருக்கும் தவறு என்று தோன்றவும் இல்லை, நாற்பது வருட வழக்கம். க்விஸுக்கு வந்து பத்து பவுண்டு போட்டுவிட்டுப் போன ஊர்க்காரருக்கு, அந்தப் பணம் ஓய்வூதியம் வாங்கும் இருபது பேரின் பயணச் சலுகையாகப் போகிறது என்று தெரியாது, அவ்வளவுதான். இரண்டு கூட்டம் காரசாரமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: பெரியவர்கள் பயணத்துக்கு முழுக் காசும் தாமே போடுவது, திரட்டும் பணம் விருந்தினரை வரவேற்கவும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், வசதி இல்லாதவர் போக விரும்பினால் அவருக்கும். அதை டிக்கெட்டிலேயே ஒரு வரியாக அச்சடிக்கிறோம். மூன்று பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள், அதில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிரெக்ஸிட்டுக்கு முன் ஊர் இணைப்புச் சந்திப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிரிட்டிஷ் ஊர்களுக்கு அந்தக் கதவு 2020ஓடு மூடிவிட்டது. 2021 அக்டோபர் முதல் பெரும்பாலான ஐரோப்பியர்கள் அடையாள அட்டையைக் காட்டி இங்கே வர முடியாது, பாஸ்போர்ட் வேண்டும். பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்களுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு தளர்வு வந்தது. 2025 ஏப்ரல் முதல் வருகிறவர்கள் இடிஏ என்ற முன் அனுமதியும் எடுக்க வேண்டும், அதன் கட்டணம் அந்த மாதமே 10 பவுண்டிலிருந்து 16 ஆனது. நான்கு பேர் குடும்பம் ஒன்று நார்மண்டியிலிருந்து வார இறுதிக்கு வருவதற்குள் நாலு பாஸ்போர்ட், நாலு இடிஏ, கப்பல் கட்டணம். வசதியுள்ள பெரியவர்கள் எப்படியும் வருவார்கள். வராமல் போவது சின்னப் பிள்ளை உள்ள குடும்பங்கள்தான், சங்கங்கள் நரைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது நிகழ்ச்சிகள். உங்களுக்கு முதலில் வரப்போவது க்விஸ் இரவுதான், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஹாலில் எட்டு பேர் மேசையாக எட்டு மேசை, 64 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் 10 பவுண்டு, நடுவில் ரொட்டி, சீஸ், ஊறவைத்த வெங்காயம், ஒரு துண்டு ஆப்பிள் கேக். வசூல் 640. ஹாலுக்கு 80, சாப்பாட்டுக்கு ஆளுக்கு மூன்று பவுண்டு வீதம் 192, தாள், பேனா, பரிசு என்று 28. மிச்சம் 340. ராஃபிளில் இன்னொரு 150 வரலாம். இது உதாரணக் கணக்குதான், ஆனால் எங்கள் ஊரில் இந்த அளவில்தான் ஓடுகிறது. ஒரு இரவு முழுக்கப் பத்து பேர் உழைத்து 490 பவுண்டா என்று முதல் தடவை எனக்கும் தோன்றியது. அப்புறம் ஒரு க்விஸில் பார்த்தேன்: மனைவி இறந்து எட்டு மாதம் வீட்டை விட்டே வராத ஒருவரை யாரோ இழுத்து வந்து ஒரு மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். "பிரான்ஸின் மிக நீளமான ஆறு எது?" என்று கேள்வி வந்ததும் மேசை மொத்தமும் சேன் என்று எழுதப்போக, அவர் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி லுவார் என்று அடித்து எழுதினார். அடுத்த மாதம் அவரே குழுவுக்கு வந்தார், மறுவருடம் இரண்டு விருந்தினரைத் தன் வீட்டில் தங்கவைத்தார். ட்வின்னிங்குக்கு உண்மையில் தட்டுப்பாடு படுக்கையறைக்குத்தான். வீட்டைத் திறந்துவிடத் தயாராக இருக்கும் ஆள் க்விஸ் மேசையில்தான் கிடைக்கிறார், விளம்பரத்தில் கிடைப்பதில்லை. அதனால் வசூலைக் கூட்ட டிக்கெட்டை 20 பவுண்டாக ஏற்றாதீர்கள்.

ராஃபிள் விதி எளிது. நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் மட்டும் சீட்டு விற்றால் உரிமமோ பதிவோ வேண்டாம். வசூலிலிருந்து பரிசு வாங்க 500 பவுண்டுக்கு மேலும், சீட்டு அச்சடிப்பது போன்ற செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. இலவசமாக வந்த பரிசு இந்த 500இல் சேராது. இரண்டு வாரம் முன்பிருந்தே பக்கத்து வீடு, அலுவலகம் என்று விற்க ஆரம்பித்தால் அது வேறு வகை, உள்ளூர் கவுன்சிலில் சிறு சங்க லாட்டரியாகப் பதிவு செய்ய வேண்டும், முதல் வருடம் 40 பவுண்டு, பிறகு வருடம் 20. கலர் கலரான கிழிசல் சீட்டுப் புத்தகம் வாங்கும்போது ஒரே நிறத்தில் இரண்டு வாங்கிவிடாதீர்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் "பிங்க் 214" என்று எழுந்து வந்து நிற்பார்கள், அந்தப் பஞ்சாயத்து லேசில் தீராது. காசை இரண்டு பேர் சேர்ந்து அங்கேயே எண்ணி, தொகையை எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நம்பிக்கை இல்லாததால் இல்லை, எண்ணியவர் மீது பின்னால் ஒரு சொல் வராமல் இருக்க.

மதுவில்தான் பல சங்கங்கள் தெரியாமல் சறுக்குகின்றன. "நாங்கள் ஒயின் விற்கவில்லை, டிக்கெட்டோடு ஒரு கிளாஸ் கொடுக்கிறோம்" என்றால் சட்டத்தின் கண்ணில் அதுவும் விற்பனைதான். ஹாலுக்கே மது உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் என்ற அறிவிப்பைக் கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டும், கட்டணம் 21 பவுண்டு, 499 பேர் வரை. பத்து முழு வேலைநாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், கொடுத்த நாளும் நிகழ்ச்சி நாளும் கணக்கில் வராது, நடுவில் வங்கி விடுமுறை வந்தால் அதுவும் வராது. அவரவர் பாட்டிலை அவரவர் கொண்டுவந்தால் இது எதுவும் வேண்டாம், எங்கள் க்விஸ் அப்படித்தான் நடக்கிறது. ராஃபிள் பரிசாக மூடி திறக்காத ஒயின் பாட்டில் கொடுப்பதற்கும் உரிமம் தேவையில்லை.

கிஃப்ட் எய்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூட்டத்தில் யாராவது கண்டிப்பாகக் கிளப்புவார்கள். வரி கட்டுபவர் கொடுக்கும் நன்கொடைக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடம் திரும்பப் பெறலாம். டிக்கெட்டுக்கும் ராஃபிள் சீட்டுக்கும் பெற முடியாது, ஏனென்றால் கொடுத்தவர் பதிலுக்கு ஒன்று வாங்கிக்கொள்கிறார். டிக்கெட்டுக்கு "பரிந்துரைக்கும் நன்கொடை" என்று பெயர் மாற்றிவிட்டு, கொடுக்காதவரை வாசலில் நிறுத்தினால் அது நன்கொடை ஆகாது. ஆண்டுச் சந்தாவுக்குப் பெரும்பாலும் பெறலாம், எங்களுக்கு அதில் வருவது ஒரு க்விஸ் இரவின் வருமானத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், யாரும் நாற்காலி தூக்க வேண்டாம்.

வருடத்துக்கு எத்தனை நிகழ்ச்சி என்றால், நாலு போதும் என்பேன். ஜனவரியில் கலெட் தெ ருவா என்ற பிரெஞ்சு கேக், உள்ளே ஒளித்திருக்கும் சின்னப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். செலவு குறைவு, குழந்தைகளுக்குக் கொள்ளைப் பிரியம். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14ஐ ஒட்டிய ஞாயிறு பெத்தாங் என்ற பிரெஞ்சுப் பந்து விளையாட்டு, நவம்பர் மூன்றாவது வியாழனில் புதுப் போஜொலே ஒயின் வெளிவருவதை ஒட்டி ஒரு மாலை, நடுவில் ஒரு க்விஸ். முதல் உணவு ஒரு வீட்டில், நடு உணவு இன்னொரு வீட்டில், இனிப்பு மூன்றாம் வீட்டில் என்று நடந்து நடந்து சாப்பிடும் சஃபாரி சப்பர் ஊருக்குப் புதிதாக வந்த உங்களுக்கு நல்ல வழி, ஒரே இரவில் எட்டு வீட்டுக்காரர்கள் பழக்கமாகிவிடுவார்கள். பிரெஞ்சுப் படம் போடலாம் என்று யாராவது சொன்னால், வீட்டு டிவிடியை ஹாலில் போடக் கூடாது, பொதுத் திரையிடலுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும் என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

என் அறிவு தெளிவில்லாமல் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, பயணத்தைச் சங்கமே ஏற்பாடு செய்து பஸ்ஸும் விடுதியும் சேர்த்து ஒரே தொகை வாங்கினால், 2018ஆம் ஆண்டின் பேக்கேஜ் பயண விதிகள் வருமா என்பது. லாபநோக்கம் இல்லாமல், எப்போதாவது, வரையறுத்த ஒரு குழுவுக்கு மட்டும் செய்தால் விலக்கு உண்டு. ஆனால் "எப்போதாவது" என்றால் வருடத்துக்கு எத்தனை என்று விதியில் எண் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு பயணம் அதில் அடங்கும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம், காப்பீட்டுக்காரரிடமும் அதைச் சொல்லி எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். இரண்டாவது, பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளைகளை வீடுகளில் தங்கவைப்பது. அதில் என் பேச்சைக் கேட்காதீர்கள். கவுன்சிலின் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரையும் பள்ளியையும் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே செய்யுங்கள், பழைய உறுப்பினர்கள் "எழுபதுகளில் இதெல்லாம் கிடையாது" என்று சொன்னாலும்.

கடைசியாகச் சமையல். ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். எப்போதோ ஒரு தடவை ஊர்ச் சங்கத்துக்குச் சமைப்பதற்கு உணவுத் தொழில் பதிவு பொதுவாகத் தேவைப்படுவதில்லை, ஆனால் ஒவ்வாமை விஷயத்தில் விளையாடக் கூடாது. சட்டம் பட்டியலிட்ட 14 பொருள்களில் கடுகும் எள்ளும் உண்டு, அதாவது நம் தாளிப்பும் நல்லெண்ணெயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பாத்திரத்துக்குப் பாத்திரம் பெயரும் உள்ளே இருப்பதும் எழுதிய அட்டை வையுங்கள், முந்திரியை எதிலும் போடாதீர்கள். நான் முதல் தடவை 60 பேருக்கு ஒன்பது கிலோ அரிசி வடித்து மூன்று நாள் எல்லார் வீட்டுக்கும் சோறு கொடுத்தனுப்பினேன். நாலரை கிலோ தாராளம், இவர்கள் தட்டில் சோறு ஓரமாகத்தான் இருக்கும். சோற்றைச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன் வடியுங்கள், முன்கூட்டியே வடித்து அறைச் சூட்டில் வைக்காதீர்கள், கெட்டுப்போன சோறு ஆளைப் படுக்கவைத்துவிடும். எலுமிச்சைச் சாதம், காரம் குறைத்த சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கோழிக் குழம்பு, பாயசம் போதும். ரசம் கொஞ்சம் சின்ன டம்ளர்களில் ஊற்றித் தனியாக வையுங்கள். எங்கள் ஊருக்கு வந்திருந்த எண்பது வயது நார்மண்டிப் பாட்டி ஒருவர் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, புளி எப்படி இருக்கும் என்று காட்டச் சொல்லி அடுக்களைக்கே வந்துவிட்டார். ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு பொட்டலம் புளி அவர் மடியில் இருந்தது.